தாளிப்பதற்கு முன் எடுத்து வையுங்கள்

நாய்க்குப் போடும் உணவில் சென்ற இதழில் இறைச்சியும் முட்டையும் பார்த்தோம். இந்த வாரம் காய்கறி.

ஓநாய் வழிவந்த பிராணிக்குக் காய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் நாய் ஓநாயாகவே நின்றுவிடவில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவின் படிகள் ஓநாயிடம் 2-தான் இருந்தன. நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதன் போட்ட தானியத்தைத் தின்று தின்று அதன் உடலே மாறியிருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு ஆய்வு. ஸ்காட்டிஷ் டெரியர் என்ற இனத்துக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிடப் பல மடங்கு அதிகம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார், நோய் வந்த டெரியர்களையும் வராதவற்றையும் வளர்த்தவர்களிடம் என்னென்ன போட்டீர்கள் என்று விசாரித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் மூன்று முறையாவது காய்கறி தின்ற நாய்களிடம் அந்நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. பச்சை இலைகளிலும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்களிலும் இது தெளிவாகத் தெரிந்தது. காய்தான் நோயைத் தடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒரே இனம், அதுவும் வளர்த்தவர்களின் நினைவை நம்பிய கணக்கு. ஆனாலும் ஒரு கேரட்டின் விலைக்கு இவ்வளவு நம்பிக்கை கிடைக்கிறதென்றால், நான் போடுவேன்.

எப்படிப் போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாய் மெல்லாது, கடித்து விழுங்கும். அதன் உமிழ்நீரில் அமைலேஸ் ஏறக்குறைய இல்லை. செடியின் செல் சுவரைக் கரைக்கும் திறனும் இல்லை. கேரட்டைப் பெரிய துண்டுகளாகப் போட்டால் மறுநாள் மலத்தில் அப்படியே வந்து விழும். ஆகவே வேகவைத்து மசித்தோ, பொடியாகத் துருவியோ சோற்றிலும் கறியிலும் பிசைந்து வையுங்கள். கேரட், பீன்ஸ், மஞ்சள் பூசணி மூன்றும் தொடங்குவதற்கு நல்லவை. பூசணியின் நார்ச்சத்து மலச்சிக்கலுக்கும் உதவும், மலம் லேசாக இளகிப் போனாலும் உதவும். சிறுநீரகக் கல் வந்த நாய்க்குப் பாலக்கீரை வேண்டாம்.

லாப்ரடார் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம், பசி அடங்காமல் செய்யும் மரபணுக் குறை இருப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். தட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பது அதன் பேராசை அல்ல. பிஸ்கட்டுக்குப் பதிலாக வெந்த பீன்ஸ் கொடுங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 30 கலோரிதான்.

“சாம்பாரில்தான் காய் இருக்கிறதே, அதைப் பிசைந்து போட்டால் போதாதா?” போதாது என்பதல்ல, கூடவே கூடாது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சின்ன வெங்காயமும் அதே குடும்பம்தான். வேகவைத்தாலும் நஞ்சு போகாது, பொடியிலும் இருக்கும். காய் நறுக்கும்போதே நாயின் பங்கை எடுத்து, உப்பும் காரமும் சேர்க்காமல் தனியே வேகவையுங்கள்.

வெங்காயத்தின் பாதிப்பு பெரும்பாலும் சில நாள் கழித்தே வெளியே தெரியும். நாய் சோர்ந்து படுத்து, ஈறு வெளிறி, சிறுநீர் செம்பழுப்பாகப் போனால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அன்று தின்றதை மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க என்ன போட்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.