மூட்டைக்குள் கெடும் புங்க எண்ணெய்

மங்கலம் வட்டாரத்தில் சாயப்பட்டறை வேலை தெரிந்தவர்களுக்குக் காஸ்டிக் சோடாவின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியை வேகவைக்கும்போது பஞ்சிலுள்ள மெழுகையும் எண்ணெய்ப்பசையையும் சோப்பாக்கி வெளியே தள்ளிவிடும். அங்கே சோப்பு நல்லது. அதே காஸ்டிக்கை மெத்தனாலில் கரைத்துப் புங்க எண்ணெயோடு கலந்து பயோடீசல் எடுக்கும்போது சோப்பு கட்டினால் தொல்லைதான். கிளிசரின் சரியாகப் பிரியாது. கிடைக்கும் டீசலும் குறையும்.

இந்தத் தொல்லை பல நேரம் விதை மூட்டையிலேயே தொடங்கிவிடுகிறது.

புங்கங்காய் மாசி, பங்குனி வாக்கில் முற்றுகிறது. பொறுக்கியவரிடமிருந்து வியாபாரி கைக்குப் போய், மில்லைச் சேர்வதற்குள் ஐப்பசி மழையே வந்துவிடுவதும் உண்டு. வெறும் தரையில் சுவரோரம் அடுக்கிய சாக்கு ஈரத்தை இழுக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூஞ்சணங்களுக்கு அது போதும். பிரித்துப் பார்த்தால் பச்சையும் கருப்புமாகத் தூள் பறக்கும், சிக்கு வாடை அடிக்கும். பூஞ்சணம் சுரக்கும் லைபேஸ் என்ற நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்துவிடுகிறது. காஸ்டிக் பட்டதும் சோப்பாவது இந்த அமிலம்தான். உடைந்த விதையில் பூஞ்சணம் இன்னும் சுலபமாக நுழையும்.

நெல்லுக்கு 13% ஈரம் இருந்தால் பயமில்லை. எண்ணெய் வித்துக்கு அந்தக் கணக்கு உதவாது. 100 கிலோ விதையில் 40 கிலோ எண்ணெய், 8 கிலோ ஈரம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயில் தண்ணீர் ஒட்டாது. அந்த 8 கிலோவும் மிச்சமுள்ள 60 கிலோவில்தான் நிற்கிறது. அங்கே ஈரம் 13 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது!

பிரிந்த அமிலம் 2, 3 விழுக்காட்டுக்கு மேல் போனால், முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து ஒரு சுற்று ஓட்டியாக வேண்டும். செலவு ஏறும். பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607, அமிலத்தின் அளவைச் சொல்லும் அமில எண் 0.50-க்கு மேல் போகக் கூடாது என்கிறது.

2009-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் 20% கலப்பு என்றது; 2018 கொள்கை டீசலில் 5% கலப்பை 2030-க்குத் தள்ளிவைத்தது. எத்தனை ஏக்கர், எவ்வளவு மகசூல் என்று பேசிய அளவுக்குக் குடோனைப் பற்றி யாரும் பேசவில்லை. நிலக்கடலை என்றால் பூஞ்சண நஞ்சான அஃப்ளாடாக்சின் பயத்தில் சோதிப்பார்கள். புங்கங்கொட்டை வாயில் வைக்கும் பண்டமில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். பால் சொசைட்டியில் கொழுப்பு பார்த்து விலை போடுவதுபோல அமில எண் பார்த்து விலை போட்டால், காயை வெயிலில் நன்றாக உலர்த்தி, பலகை மேல் அடுக்கிவைப்பவருக்கு நாலு காசு கூடக் கிடைக்கும். பிழிந்த எண்ணெயைச் சோதிக்கக் கொஞ்சம் ஆல்கஹால், ஒரு பியூரெட், சில சொட்டு பினாப்தலீன், அளந்து கரைத்த காரம் போதும். கால்மணி நேர வேலை.