'ஃபேமிலி டாக்டர்' என்று பெயர் வைத்தால் போதுமா? சித்தூரும் திருப்பதியும் எழுப்பும் கேள்வி

சித்தூர் மாவட்டம் குடிபாலா பக்கம் ஒரு கிராமம். அங்கே 55 வயது அம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுகர், பி.பி., முழங்கால் வலி, தூக்கமின்மை என நான்கு பிரச்னைகள். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நான்கு ஓ.பி. வரிசை. சித்தூரிலிருந்தே சுமார் 70 கி.மீ. தூரம். பஸ் காசும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு.

நான்கையும் ஒரே டாக்டர் ஊருக்குள்ளேயே பார்க்க முடியாதா? பெரும்பாலும் முடியும். அதற்கென்றே இருக்கும் படிப்புதான் குடும்ப மருத்துவம்.

ஆந்திராவின் திட்டம் என்ன?

2022 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கி, 2023 ஏப்ரல் 6-ம் தேதி ஆந்திரா முழுவதும் 'ஃபேமிலி டாக்டர்' திட்டம் விரிவாக்கப்பட்டது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரண்டு டாக்டர்கள். ஒருவர் நிலையத்தில் இருக்க, மற்றவர் 104 வண்டியில் கிராமத்துக்குப் போவார். ஒவ்வொரு கிராம கிளினிக்குக்கும் மாதம் இரண்டு முறை.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு நிலையத்தின் கீழ் 10 கிளினிக்குகள் இருந்தால் மாதம் 20 பயணங்கள், ஆளுக்கு 10 நாள். சமவெளியில் ஒரு நிலையத்துக்கு 30,000 பேர் என்பது தேசிய வரையறை. அப்படியானால் ஒரு டாக்டருக்கு 15,000 பேர்.

அவர்களுக்குப் பயிற்சி உண்டா?

சிக்கலே இங்கேதான். கிராமத்துக்குப் போக எம்.பி.பி.எஸ். போதும். ஆனால் அந்தப் படிப்பு பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. திருப்பதியில் 1960-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் துறைக்கொரு நிபுணரும், ஸ்கேனும், லேபும் பக்கத்திலேயே இருக்கும். கிராமத்தில் அது எதுவும் கிடையாது. எதை இங்கேயே பார்ப்பது, எதை உடனே ரெஃபர் செய்வது என்ற முடிவை டாக்டர் தனியாக எடுக்க வேண்டும்.

பிரிட்டனில் குடும்ப மருத்துவராக, எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையான படிப்பை முடித்தபின் 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சியும், அதற்கு மேல் 3 ஆண்டு சிறப்புப் பயிற்சியும் வேண்டும். இந்தியாவிலும் 3 ஆண்டு டி.என்.பி., எம்.டி. படிப்புகளும் 2 ஆண்டு டிப்ளமோவும் இருக்கின்றன. ஆனால் கிராமத்துப் பணிக்கு இவை கட்டாயமில்லை.

வேலையை விட்டுவிட்டுப் படிக்க முடியாதவர்களுக்கு?

சித்தூரிலிருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி. இதற்கு ஒரு வழி காட்டியது. 2006-ல் தொடங்கிய அதன் 2 ஆண்டு தொலைதூர டிப்ளமோவில், டாக்டர் தன் ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு படிக்கலாம். பாடப் புத்தகங்கள், வீடியோ வகுப்புகள், அவ்வப்போது நேரடிப் பயிற்சி. 'ரெஃபர் செய்வதைக் குறை, நீயே தீர்ப்பதைக் கூட்டு' என்பதுதான் அதன் முழக்கம்.

டாக்டரை ஊரிலிருந்து கிளப்பாமலேயே பயிற்சி தருவதுதான் இதன் பலம். இரண்டு பேர் மட்டுமே இருக்கும் நிலையத்தில் ஒருவர் 3 ஆண்டு படிக்கப் போனால், அந்த 30,000 பேருக்கும் மிஞ்சுவது ஒருவர்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

2024-ல் ஆந்திராவில் ஆட்சி மாறியது. திட்டங்களின் பெயரும் மாறலாம். ஆனால் குடிபாலா அம்மாவின் கேள்வி மாறாது: மாதம் இரண்டு முறை வரும் டாக்டருக்கு என் நான்கு பிரச்னையையும் சேர்த்துப் பார்க்கத் தெரியுமா? வண்டியும் மாத்திரையும் கொடுத்த அரசு, பணியிலிருக்கும் டாக்டர்களுக்கு இந்தப் பயிற்சியையும் கொடுத்தால்தான் 'ஃபேமிலி டாக்டர்' என்ற பெயருக்கு அர்த்தம் வரும்.