சேல்ஸ்மேன் சொன்னதை எழுதி வாங்குங்கள்

ஷோரூமில் தரும் டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் பத்து நிமிடம். கடை வாசலில் கிளம்பி, சமதளச் சாலையில் இரண்டு திருப்பம் திரும்பி, அதே வாசலில் வந்து நிற்கும். ஏர்கோன் குளிரும் புது சீட்டின் வாசமும் தவிர வேறெதுவும் அதற்குள் பிடிபடாது. மூன்று நான்கு மாடல்களை இப்படி ஓட்டிவிட்டு, "எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்று முன்பைவிட அதிகம் குழம்பிப்போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கமுந்திங்கில் இருப்பவருக்கு நல்ல சோதனைக்களம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. தைப்பிங் வடக்கு டோலில் நெடுஞ்சாலை ஏறி, சங்காட் ஜெரிங் தாண்டி, கோலகங்சார் பக்கம் போகும் மலைச்சாலைதான் அது. 1.0 லிட்டர் எஞ்சின், நான்கு பெரியவர்களையும் ஏர்கோனையும் சுமந்துகொண்டு லாரிகளுக்கு நடுவே அந்த ஏற்றத்தில் எப்படித் திணறுகிறது, இறக்கத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அவ்வளவு தூரம் விடமாட்டேன் என்று சேல்ஸ்மேன் சொன்னால், கமுந்திங் ராயா தொழிற்பேட்டைப் பக்கமாவது, வேலை விடும் நேரத்தில் ஓட்டக் கேளுங்கள். தீபகற்பத்தில் அதிக மழை பெய்யும் ஊர் என்று தைப்பிங்குக்குப் பெயர் உண்டு. மழை நாள் வாய்த்தால் இன்னும் நல்லது: வைப்பர், கண்ணாடியில் படியும் ஆவி, பின்பக்கக் கேமரா மூன்றும் ஒரே நேரத்தில் பரீட்சைக்கு வரும். முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பலருடைய குழப்பம் அந்த ஒரு காரியத்திலேயே பாதி தீர்ந்துவிடும்.

சாவியைத் தருமுன் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். டெஸ்ட் டிரைவில் விபத்து நேர்ந்தால் யார் எவ்வளவு கட்டுவது என்பது அதில்தான் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, நீங்கள் ஓட்டிய காரும் உங்கள் வீட்டுக்கு வரப்போகும் காரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஓட்டிப் பார்க்கத் தருவது பெரும்பாலும் விலை கூடிய ரகம். நாம் பதிவு செய்வது மலிவான ரகம். 2016இல் பெரோடுவா பெஸ்ஸா வந்தபோது ஆசியான் என்கேப் மோதல் சோதனையில், காரின் நிலைத்தன்மையைக் காக்கும் கட்டுப்பாட்டு வசதி கொண்ட உயர் ரகம் ஐந்து நட்சத்திரமும், அது இல்லாத ரகங்கள் நான்கு நட்சத்திரமும் பெற்றன. மாடல் ஒன்றுதான், விளம்பரப் பலகையில் தெரிவது மட்டும் ஐந்து. 2018 ஜூன் முதல் புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களில் இந்த வசதி கட்டாயம். ஆனால் அதற்கு முன் வந்த மாடல்களிலும் பழைய கார்களிலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே எத்தனை ஏர்பேக், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உண்டா, குழந்தை இருக்கை மாட்டும் கொக்கி உண்டா என்று வாங்கப்போகும் ரகத்தின் பெயரைக் குறிப்பிட்டே கேளுங்கள். 2020 முதல் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால், கடைசிக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ரீ டிண்டட், ஃப்ரீ சர்வீஸ், "அடுத்த மாசமே காடி வந்துரும்" எல்லாவற்றையும்தான். எழுத்தில் தர மறுக்கும் வாக்குறுதியை விலையிலிருந்து கழித்துவிட்டுக் கணக்குப் போடுவதே என் வழக்கம்.

அடுத்து பணம். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் முன்பதிவுக் கட்டணம் காரின் ரொக்க விலையில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரசீது வாங்குங்கள். கடன் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும், நாமே வேண்டாமென்றால் எவ்வளவு வரும் என்பதும் அதில் இருக்கட்டும். விவரம் நிரப்பாத கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. "நீங்க சைன் மட்டும் போடுங்க அண்ணே, மத்ததை நாங்க எழுதிக்கிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கார் கடனுக்கு வட்டியை 'பிளாட்' கணக்கில் சொன்னால் கவனமாக இருங்கள். 40,000 வெள்ளி, மூன்று சதவீதம், ஒன்பது ஆண்டு என்றால் வட்டி மட்டும் 10,800 வெள்ளி. மாதத் தவணை சுமார் 470. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே போடப்படுவதால், உண்மையான விகிதம் ஏறக்குறைய ஐந்தரை சதவீதம். அதே கடனை ஐந்து ஆண்டில் முடித்தால் வட்டி 6,000, தவணையோ 767. "மாசம் எவ்வளவு" என்ற கேள்வியோடு நிற்காமல், "மொத்தமா எவ்வளவு திருப்பிக் கட்டுறேன்" என்றும் கேளுங்கள். மாதச் செலவில் பெட்ரோல், காப்புறுதி, ரோட் டேக்ஸ், சர்வீஸையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளச் சேதம் சாதாரண காப்புறுதியில் சேராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

தவணை தவறினால் உடனே காரை இழுத்துக்கொண்டு போக முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், 21 நாள் அவகாசத்தோடு எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். 75 சதவீதத்துக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் தேவை. இழுக்க வருபவரிடம் அனுமதிச் சீட்டைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நிலைமை அதுவரை முற்றுமுன் வங்கியிடமோ, ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை அமைப்பிடமோ பேசலாம். ஏகேபிகே ஆலோசனைக்குக் காசு இல்லை. தயவுசெய்து 'சம்போங் பாயார்' வேண்டாம். காரை ஓட்டுவது இன்னொருவர், கடனும் சம்மனும் உங்கள் பெயரில் என்ற அந்த ஏற்பாட்டுக்கு வங்கியின் சம்மதம் கிடையாது, சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது.

செகண்ட் ஹேண்ட் கார் என்றால் ஆபத்து வேறு மாதிரி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி நனைந்த கார் கழுவி மெருகேறி எந்த ஊர்க் கடைக்கும் வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளத்தைத் தூக்கித் துருவைத் தேடுங்கள். மீட்டரை நம்பாமல் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். தக்காத்தா ஏர்பேக் பிரச்சினையில் மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்தக் காருக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா என்று தயாரிப்பு நிறுவனம் சொல்லிவிடும், மாற்றித் தருவதும் இலவசம். புஸ்பாகோம் சோதனையில் தேறியது என்பது எஞ்சினுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இல்லை. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். அதற்குக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில்.

வாங்கிய பிறகு கோளாறு தெரிந்தால்? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பழைய காருக்கும் இது பொருந்தும், வயதுக்கும் விலைக்கும் ஏற்ற அளவில். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கினாலும் இந்த உரிமை போகாது. விற்குமுன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டிய குறைக்கு மட்டும் பிறகு குறை சொல்ல முடியாது. சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் நியாயமான காலத்தில் சரிசெய்து தரக் கேளுங்கள். செய்யாவிட்டாலோ, கோளாறு அடிப்படையானது என்றாலோ காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ஆனால் சும்மா ஓட்டிக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை பலவீனமாகும். கோளாறு தெரிந்த நாளே தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பேராவுக்கான அலுவலகம் ஈப்போவில். இணையத்திலும் மனுச் செய்யலாம். கட்டணம் ஐந்து வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, நீங்களே பேசலாம். அந்த வாட்ஸ்அப் பதிவும் ரசீதும் அங்கேதான் வேலைக்கு வரும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாத வியாபாரிமீது குற்ற வழக்கே தொடுக்கலாம்.

இந்த வழியெல்லாம் வியாபாரியிடம் வாங்கினால்தான். பக்கத்து வீட்டு மாமாவிடமோ முகநூலில் பார்த்த தனியாளிடமோ வாங்கிய காருக்குத் தீர்ப்பாயம் கிடையாது; நீதிமன்றந்தான், அதிலும் எளிய சிறுகோரிக்கை முறை 5,000 வெள்ளியோடு நின்றுவிடும். மாமாவிடம் வாங்குவதானால், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயர் மாற்றக் கைரேகை வைக்குமுன் காரின் நிலையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.