காலணியைக் கழற்றச் சொல்லும் குரல்

ஆம்பூரில் தைக்கப்படும் ஃபார்மல் ஷூ ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், பாதத்தின் நடுவளைவுக்கு நேர்கீழே, உள்அட்டைக்கும் சோலுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஓர் எஃகுப் பட்டை இருக்கும். தொழிலில் அதை ஷாங்க் என்பார்கள். நடக்கும்போது ஷூ இடுப்பொடிந்து போகாமல் தாங்குவது அதுதான். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்று வட்டாரத்து ஊர்களில் பதப்படுத்தித் தைத்த தோல் உலகமெங்கும் போகிறது. அதோடு இந்தப் பட்டையும் போகிறது. விமான நிலையத்தில் உலோகத்தைக் கண்டறியும் வாசலைக் கடக்கும்போது பல சமயம் சத்தம் எழுப்புவதும் இதுவே. எதிரில் நிற்கும் காவலர், “ஷூவைக் கழற்றித் தட்டில் வையுங்க சார்” என்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்குக் கிடைக்கும் பதிலைத்தான் இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. முகச்சுளிப்பு, உச்சுக்கொட்டல், தட்டைப் பொத்தென்று எறிவது, கடைசியில் “நான் யார் தெரியுமா?”

நேரமாகிறது, விமானம் போய்விடும் என்ற பதற்றம்தான் இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைகூட இல்லை என்றே நினைக்கிறேன். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் காலையில் சீட்டு வாங்கிய நோயாளி, மதியம்வரை குரல் உயர்த்தாமல் காத்திருக்கிறார். வங்கியிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் காத்திருக்கப் பழகியவர்கள்தான் நாம். பத்து நிமிடச் சோதனை மட்டும் ஏன் சுடுகிறது? அங்கே நம் உடலைத் தொடுகிறார்கள், பையைத் திறக்கச் சொல்கிறார்கள், செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். நம் சமூகத்தில் இவையெல்லாம் பெரியவர் சின்னவருக்குச் செய்பவை; சின்னவர் பெரியவருக்குச் செய்தால் அவமானம். சம்பளத்திலும் படிப்பிலும் தனக்குக் கீழே என்று தான் கருதும் ஒருவர் தன்னை நிறுத்திக் கேள்வி கேட்பதைத்தான் பயணியால் தாங்க முடிவதில்லை.

அரசே இந்த எண்ணத்துக்கு வெகுகாலம் உரமிட்டது. சோதனையிலிருந்து விலக்குப் பெற்ற முக்கியப் பிரமுகர்களின் பட்டியலை விமான நிலையங்களில் பலகையாகவே வைத்திருந்தார்கள். குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர் என்று பதவிகளாக நீண்ட அந்தப் பட்டியலில், எந்தப் பதவியும் வகிக்காத, சோனியா காந்தியின் மருமகன் ராபர்ட் வதேராவின் பெயரும் 2015 வரை இருந்தது. சோதனை இல்லாமல் போவதே மரியாதை என்று ஆனபின், சோதிக்கப்படுவது மரியாதைக் குறைவாகத்தானே தோன்றும்? ஆனால் ஒரு தொழிலாளிக்குச் சோதிக்கப்படுவது அன்றாடம். ஷிஃப்ட் முடிந்து வரும்போது வாசலில் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்டுவது நம் ஊர்த் தொழிற்சாலைகளுக்குப் புதிதல்ல. இந்தத் தோல் வட்டாரத்தின் ஷூ கம்பெனிகளில் பெரும்பகுதி வேலை பெண்களுடையது. வாசலில் பையைக் காட்டும் பெண்ணுக்கு, காவலாளியிடம் தான் யார் என்று சொல்லிக் கத்தும் வசதி இல்லை. ஆக, விமான நிலையக் கோபம் ஒரு வசதியின் அடையாளமும்கூட.

அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்பவரின் கையில் இருப்பது என்ன? விதி அவருடையதல்ல. 1999 டிசம்பரில் ஐசி 814 விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதையடுத்து 2000ஆம் ஆண்டிலிருந்து விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பொறுப்புக்கு வந்தன. எதைச் சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தீர்மானிக்கிறது. ஷூவின்மீது உலகுக்கே சந்தேகம் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவர் தன் ஷூவுக்குள் வைத்திருந்த வெடிமருந்தைப் பற்றவைக்க முயன்றார். வெடிமருந்து உலோகமல்ல, உலோகம் தேடும் வாசல் அதைக் காட்டாது. அமெரிக்காவில் 2006இலிருந்து பெரும்பாலான பயணிகள் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது; 2025 ஜூலையில்தான் அந்தக் கட்டாயம் விலகியது. இத்தனை பெரிய முடிவுகளுக்கும் பயணிக்கும் நடுவே நிற்பவர் ஒரு கான்ஸ்டபிள். எக்ஸ்ரே திரைமுன் இருப்பவரின் வேலை இன்னும் நுட்பமானது. ஆரஞ்சு, நீலம், பச்சை என்று நகரும் நிழல்களிலிருந்து ஆபத்தைச் சில நொடிகளில் பிரித்தறிய வேண்டும். கண்ணும் கவனமும் தளர்ந்துவிடும் என்பதால், ஐரோப்பிய விதிகள் ஒருவர் தொடர்ந்து 20 நிமிடங்களுக்குமேல் திரையைப் பார்க்க வேண்டாம் என்கின்றன. அந்தக் கவனத்தைக் கூச்சல் போட்டுக் கலைப்பவர், தான் ஏறப்போகும் விமானத்தின் பாதுகாப்பைத்தான் கலைக்கிறார்.

தோல் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. 2017 மார்ச்சில் சிவசேனா எம்.பி. ரவீந்திர கெய்க்வாட், டெல்லியில் ஏர் இந்தியா ஊழியர் ஒருவரைச் செருப்பால் 25 முறை அடித்ததாகத் தானே தொலைக்காட்சியில் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில், அத்துமீறும் பயணிகளை மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் விலக்கிவைக்கும் விதிகள் வந்தன. அவர் ஏன் செருப்பைத் தேர்ந்தெடுத்தார்? செருப்படி பேரவமானம் என்ற எண்ணமும், தோலைத் தொடும் கை தாழ்ந்தது என்ற எண்ணமும் ஒரே வேரில் முளைத்தவை. தலித்துகளும் இஸ்லாமியரும் தலைமுறைகளாக உழைத்து வளர்த்த இந்தத் தொழில், அந்த எண்ணத்தின் விலையை நன்கறியும். அடுத்தவர் செருப்பு கிடக்கும் தட்டை நாள் முழுக்க நகர்த்துபவரை மனிதராகவே பாராமல் கடந்துபோகும் பழக்கத்திலும் அந்த வேரின் வாடை இருக்கிறது.

காவலர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி கேட்ட திமுக எம்.பி. கனிமொழியிடம், நீங்கள் இந்தியர்தானா என்று ஒரு காவலர் கேட்டதாக அவரே பொதுவெளியில் எழுதினார். படை விசாரணைக்கு உத்தரவிட்டது. எந்த மொழியையும் வற்புறுத்துவது தன் கொள்கையல்ல என்றது. 2021 அக்டோபரில் நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் தன் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வது எவ்வளவு வலிக்கிறது என்று காணொளியில் பேசினார்; படை மன்னிப்புக் கேட்டது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. தமிழ்நாட்டில் நின்று தமிழில் பேசச் சொன்னதற்காக ஒருவர் குறுக வேண்டியதில்லை. ஆனால் இரண்டிலும் தவறு திருந்த வழி பிறந்தது எப்படி? நடந்ததைப் பொதுவெளியில் சொல்லி, நிறுவனத்தைப் பதில் சொல்ல வைத்ததால். வாசலில் நிற்கும் அடுத்த கான்ஸ்டபிளை ஏசியிருந்தால் ஒன்றும் அசைந்திருக்காது.

அப்துல் கலாமுக்கு நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2009 ஏப்ரலில், விலக்குப் பட்டியலில் இருந்த முன்னாள் குடியரசுத் தலைவரான அவரை, டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் சோதனையிட்டார்கள். அவர் சத்தமின்றி உட்பட்டார். செய்தி ஜூலையில் நாடாளுமன்றத்தில் வெடித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிச் சென்று சோதித்தார்கள். அப்போதும் அவர் கொடுத்தனுப்பினார். இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது, அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. அவர் பணிந்துபோனதாகச் சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரில் நின்ற ஊழியரையும் அவரை அனுப்பிய அமைப்பையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரத்தின் பழைய ஓடுபாதை, உடான் திட்டத்தில் விமான நிலையமாக உருவாக்கப்பட்டிருக்கிறது. அங்கே விமானங்கள் வந்துபோகத் தொடங்கும்போது, ஏற்றுமதி வியாபாரியும் ஷாங்க் வைத்த ஷூவோடு வருவார். வங்காளத்திலிருந்து சிஎம்சிக்கு வந்து, எலும்பில் தகடு பொருத்திக்கொண்டோ செயற்கைக் காலோடோ திரும்புபவரும் வருவார். அவர்கள் முன் நிற்கும் காவலர் உத்தரப்பிரதேசத்துக்காரராக இருக்கலாம், ஒடிசாக்காரராகவும் இருக்கலாம். அவருக்குக் கொஞ்சம் தமிழும் வங்காள மொழியும் கற்றுக்கொடுப்பது, செயற்கைக் காலைக் கழற்றாமல் சோதிக்கும் கருவி வாங்கித் தருவது, உட்காரவைத்துச் சோதிக்க மறைவான ஓர் இடமும் நாற்காலியும் ஒதுக்குவது எல்லாம் நிர்வாகத்திடம் இப்போதே கேட்க வேண்டியவை. ஷூவைக் குனிந்து கழற்றித் தட்டில் வைப்பது மட்டும் பயணியின் வேலை.