கச்சதீவும் பாக்கு நீரிணையும்



அயலவராய் வாழும் இரு நாடுகள் ஒரு நிலப்பகுதியின் பொருட்டுப் பிணங்கிக்கொள்வது உலக வரலாற்றிற் புதிதன்று. அத்தகைய பிணக்குகளிற் பெரும்பாலானவை மக்கள் நெருங்கி வாழும் ஊர்களைப் பற்றியோ, ஆறும் மலையும் பொருந்திய வளநாடுகளைப் பற்றியோ எழுந்தவை. ஆனால், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு அண்மையிலே, பாக்கு நீரிணையில், குடிநீரும் குடிமக்களும் இல்லாத 285 ஏக்கர் நிலம் ஒன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரு நாடுகளின் உறவை இடையிடையே கலக்கி வருகின்றது. தமிழ்நாட்டார் கச்சத்தீவு என வழங்கும் கச்சதீவே அதுவாகும். அதன் வரலாற்றையும், இன்று அதனோடு சேர்த்துப் பேசப்படும் மீன்பிடிப் பிரச்சினையையும் சிறிது ஆராய்வோம்.

நெடுந்தீவிற்குத் தென்மேற்கே, இராமேசுவரத்திற்கு வடகிழக்கே, இரு கரைகளுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்தது இத்தீவு. இரு கரைகளிலுமுள்ள கடற்றொழிலாளர் தொன்றுதொட்டு அங்கே தங்கி இளைப்பாறினர், வலை உலர்த்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே புனித அந்தோனியாருக்கு ஒரு சிறு கோயில் எழுந்தது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பிலுள்ள அக்கோயிலில், தவக்காலத்தை ஒட்டி நிகழும் திருவிழாவிற்கு இரு நாட்டு மக்களும் படகேறி வருவர். போர்க்காலத்தில் தடைப்பட்ட இவ்விழா, போர் முடிந்தபின் மீண்டும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

இத்தீவு யாருக்கு உரியது? இராமநாதபுரம் சேதுபதிகளின் சமீன்தாரி நிலங்களுள் இதுவும் ஒன்று எனவும், அவர்கள் இதனைக் குத்தகைக்கு விட்டமைக்குப் பத்திரங்கள் உள எனவும் இந்தியத் தரப்பினர் கூறினர். யாழ்ப்பாணத்தை ஆண்டோரின் அதிகாரம் இத்தீவிற்கும் உரியதாயிருந்தது என்பது இலங்கைத் தரப்பினரின் வாதம். 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சென்னை அரசின் பிரதிநிதிகளும் இலங்கை அரசின் பிரதிநிதிகளும் கொழும்பிற் கூடி, மீன்பிடிக்கு ஓர் எல்லைக்கோடு வகுக்க முற்பட்டனர். இரண்டும் பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்தபோதிலும், வெவ்வேறு அரசாங்கங்களாக இயங்கியவை. கோடு கச்சதீவிற்கு மேற்கே மூன்று மைல் தொலைவிற் செல்லவேண்டும் என்றனர் இலங்கையர். சென்னைப் பிரதிநிதிகள், தீவின் மீதுள்ள உரிமைக்கோரிக்கைக்குப் பங்கம் நேராத வகையில், மீன்பிடிக்கு மட்டும் அக்கோட்டை ஏற்றனர். அந்த உடன்பாடு முறைப்படி உறுதிசெய்யப்படவில்லை. ஆகவே, இலங்கை அதனைத் தன் உரிமைக்குச் சான்றாகக் காட்டிற்று. இந்தியாவோ வெறும் மீன்பிடி ஏற்பாடாகவே கருதிற்று. பிற்காலப் பிணக்கின் வித்து இங்கே விழுந்தது எனலாம்.

சுதந்திரத்தின் பின், படைப் பயிற்சிக்குத் தீவைப் பயன்படுத்துவது பற்றிய பேச்சு எழுந்தபோதெல்லாம் இவ்வினா தலைதூக்கிற்று. 1956இல் இந்தியப் பாராளுமன்றத்தில் இது பேசப்பட்டபோது, ஒரு சிறு தீவைத் தேசிய கௌரவப் பிரச்சினையாக ஆக்கவேண்டியதில்லை என்னும் கருத்தைப் பிரதமர் நேரு வெளியிட்டார். 1968இல் வாதம் மீண்டும் சூடுபிடித்தது.

1970களில் உலக நாடுகள் கடற்சட்டத்தைப் புதிதாக வகுக்க முனைந்தன. கரையிலிருந்து எவ்வளவு தூரம் ஒரு நாட்டுக்கு உரியது என்னும் வினா எழுந்தபோது, ஒடுங்கிய நீரிணையைப் பகிர்ந்துகொண்ட இவ்விரு நாடுகளும் எல்லையை வரையாதிருத்தல் இயலாதாயிற்று. 1974 யூன் 26ஆம் 28ஆம் திகதிகளில் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். எல்லைக்கோடு கச்சதீவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு மைலிற் சென்றது. தீவு இலங்கைக்கு உரியதாயிற்று. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே, பயண ஆவணமோ விசாவோ இன்றித் தீவிற்குச் சென்றுவரலாம் என ஐந்தாம் உறுப்புரை கூறிற்று. இரு நாட்டுக் கலங்களும் மற்றதன் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது ஆறாம் உறுப்புரை.

'மரபுரிமை' என்னும் சொல் மீன் பிடிக்கும் உரிமையையும் அடக்கும் என்றனர் தமிழக மீனவர். 1976 மார்ச்சில், மன்னார் வளைகுடா, வங்கக்கடல் எல்லைகளை வகுத்த உடன்படிக்கையின்போது பரிமாறப்பட்ட கடிதங்கள், எந்நாட்டு மீனவரும் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடித்தல் ஆகாது என வரையறுத்தன. இலங்கை இதனையே முடிந்த முடிபாகக் கொள்கின்றது.

தமிழ்நாட்டிலே எதிர்ப்பு வலுத்தது. 1974இல் முதலமைச்சர் கருணாநிதியின் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 1991இலும் 2025 ஏப்ரலிலும் தீவை மீட்கக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. இந்திய ஆட்புலத்தைப் பிற நாட்டுக்குக் கையளிப்பதாயின் அரசியலமைப்பைத் திருத்தவேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் பெருபாரி விடயத்தில் 1960இல் கருத்துரைத்திருந்தது. அத்திருத்தம் கச்சதீவிற்குச் செய்யப்படவில்லை என்பது எதிர்ப்பாளரின் வாதம். கையளிப்பு எதுவும் நிகழவில்லை, வரையறுக்கப்படாதிருந்த எல்லையே வரையறுக்கப்பட்டது என்பது இந்திய மத்திய அரசு கொண்ட நிலைப்பாடு. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி இலங்கைச் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க தீவிற்கு நேரிற் சென்றமையும் இவ்வுரிமைப் பேச்சின் பின்னணியிலே நோக்கத்தக்கது.

இனி, குடாநாட்டுக் கடற்றொழிலாளரின் நிலையை நோக்குவோம். பாக்கு நீரிணை ஆழமற்ற கடல். அதன் அடித்தரையிலே வளரும் புற்படுகைகளிலே இறாலும் மீனும் பெருகுகின்றன. இழுவைமடி என்பது பாரமேற்றிய வலையை அடித்தரையில் உராயும்படி இழுத்துச் செல்வது. அது சிறுகுஞ்சையும் முட்டையையும் தாவரத்தையும் ஒருங்கே வாரிவிடும். 1960கள் தொடக்கம் தமிழகக் கரையில் இறால் ஏற்றுமதி கருதி இவ்விசைப்படகுகள் பெருகின. தம் கரையோரத்தில் வளம் குன்றவே எல்லை கடந்தன. 1983இன் பின் போரினாலும் கடற்றடைகளினாலும் வடபகுதி மீனவர் கடலுக்குச் செல்ல இயலாதிருந்தபோது, எல்லை கடந்த தொழில் வழக்கமாயிற்று. அக்காலத்திற் கடலிலே சுடப்பட்டு உயிர்நீத்த தமிழக மீனவரின் குடும்பங்களின் துயரமும் மறக்கற்பாலதன்று.

2009இல் போர் முடிந்து, வடபகுதியார் சிறு படகுகளுடன் தொழிலுக்கு மீண்டனர். இரவிலே அவர்கள் விரித்த வலைகளை இழுவைப்படகுகள் அறுத்துச் செல்வதாயின், கடன்பட்டு வாங்கிய முதல் ஓர் இரவில் அழியும். 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது. குருநகர் முதலிய உள்ளூர்க் கரைகளிலும் இத்தொழிலைச் செய்தோர் உளர் என்பதையும் நடுநிலையோடு குறிப்பிடுதல் வேண்டும். தமிழ்நாட்டின் நாட்டுப்படகு மீனவரும் இதே இழுவைமடியினால் நலிவுற்றோரே.

நேயர்களே, ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். எல்லைக்கோடு கச்சதீவிலிருந்து ஒரு மைலிலே உள்ளது. முறைப்பாடுகளோ நெடுந்தீவு, பருத்தித்துறை, முல்லைத்தீவு வரையுள்ள கரைகளிலிருந்து எழுகின்றன. ஆதலின், தீவு எந்நாட்டிற்கு உரியதாயினும், பருத்தித்துறையாரின் வலை அதனாற் காக்கப்படப்போவதில்லை. அடித்தரை அழிந்த கடலில் இராமேசுவரத்தாருக்கும் நெடுநாள் மீன் கிடைக்கப்போவதில்லை. தீவின் உரிமையையும் கடலின் வளத்தையும் வெவ்வேறு வினாக்களாகக் கொண்டு ஆராய்தலே தெளிவுக்கு வழி. பின்னைய வினாவிற்கு, 2016இல் இரு அரசுகளும் அமைத்த கூட்டுப் பணிக்குழுவும், இழுவைப்படகுகளை ஆழ்கடற் றொழிலுக்கு மாற்றும் இந்தியத் திட்டமும் தொடக்கங்களாக உள்ளன. அவற்றின் பயன் கைகூடும்வரை, இரு கரைகளிலும் தமிழ் பேசும் தொழிலாளரே இழப்பைத் தாங்கி நிற்பர் என்பதை இரு நாட்டுத் தலைவர்களும் மனங்கொள்வார்களாக.