பாடப்புத்தகத்துக்கு வெளியிலும் ஒரு பள்ளிக்கூடம்

"பள்ளிக்கூடத்துக்குப் படிக்க விட்டனாங்களோ, படம் கீற விட்டனாங்களோ?"

மன்னார் மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமமொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து இப்படிக் கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். ஆனால் அவர் பகிடிக்காகக் கேட்கவில்லை. சித்திரப் போட்டிக்கென மகன் இரண்டு நாள் பின்னேரம் பாடசாலையில் நின்றுவிட்டான். அந்த இரண்டு நாளும் மாட்டைப் பட்டிக்குக் கொண்டுவர ஆளில்லை. இப்போது கல்விச் சுற்றுலாவுக்குக் காசும் கேட்கிறார்கள். விதைநெல்லுக்கே கடன் வாங்கியவர் வேறு எப்படிக் கேட்பார்?

அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு நியாயமான ஒரு பதிலும் உண்டு. அதையே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

எமது நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் வர்ணப் பெட்டிக்கும் பஸ் கூலிக்கும் எவரும் காசு தருவதில்லை. எனவே கையில் காசு குறையும்போது முதலில் வெட்டப்படுவன இவைதான். இடப்பெயர்வுக் காலங்களிலும் இதுவே நடந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் இரவோடிரவாக வெளியேறிய பின்பு, பாடசாலைகள் மரநிழலிலும் கொட்டில்களிலும் நடைபெற்றன. 2009 இல் முகாம்களுக்குள் இருந்துகொண்டே எமது பிள்ளைகள் பரீட்சை எழுதினர். கணிதமும் விஞ்ஞானமும் எப்படியோ தப்பிப் பிழைத்தன. நூலகமும் சித்திரமும் சுற்றுலாவும் தப்பவில்லை.

ஆனால் ஊரை இழந்த பிள்ளைக்கு மிகவும் தேவைப்படுவன இவைதான் என்பதே எமது அனுபவம்.

தலைமை: கடைசி வயலுக்கும் தண்ணீர்

கமக்காரருக்குத் தலைமை என்றால் என்னவென்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காலபோகக் கூட்டத்தில் வட்டவிதானையைத் தெரிவு செய்யும்போது எதைப் பார்க்கிறோம்? வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவர்களுக்குத் தண்ணீர் தானாகவே போகும். கடைசி வயலுக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று நடந்து போய்ப் பார்ப்பவரே நல்ல வட்டவிதானை.

மாணவர் தலைவரும் அப்படித்தான். முன்பு புள்ளி கூடிய பிள்ளைக்கே பெரும்பாலும் சின்னம் குத்தினார்கள். இன்று பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடக்கிறது, பிள்ளைகளே வாக்களிக்கிறார்கள். இது நல்ல மாற்றம். எனினும் சின்னம் குத்தியவுடன் தலைமை வந்துவிடாது. பிந்தி வருபவர்களின் பெயரை எழுதி அதிபரிடம் கொடுப்பது எளிது. "ஏன் பிந்தினனீ?" என்று கேட்பதே கடினம். தண்ணீர் அள்ளிவைத்து, தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு ஓடிவரும் பிள்ளையின் கதை அப்போதுதான் வெளியே வரும். விடுகைப் பத்திரம்கூட இல்லாமல் புதிதாக வந்து கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைதான் வகுப்பின் கடைசி வயல். அதுவரை தண்ணீர் போகிறதா என்று பார்க்கப் பழகும் பிள்ளை, நாளை கமக்காரர் அமைப்பிலும் அப்படியே நடந்துகொள்ளும்.

பெண் பிள்ளைகளைத் தலைமைப் பொறுப்புக்கு விடத் தயங்கும் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்க்கட்டும்: இடம்பெயர்ந்த நாட்களில் எத்தனை குடும்பங்களைத் தாய்மாரே தனித்து நின்று நடத்தினார்கள்!

வாசிப்பு: ஒரு வீட்டில் தொடங்கிய நூலகம்

ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளில் பதாகைகள் தொங்கும், பேச்சுப் போட்டி நடக்கும். நவம்பரில் நூலக அலுமாரி மீண்டும் பூட்டப்படும். பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் புத்தகத்தைக் கறையான் மட்டுமே வாசிக்கிறது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையை எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது வீட்டில் சிறிதாகத் தொடங்கிய வாசிப்பு முயற்சியே அதன் வித்து. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் போன்றோரின் உழைப்பால் அது பெரிய கட்டடமாக உயர்ந்து 1959 இல் திறக்கப்பட்டது. 1981 யூன் 1 ஆம் திகதி அதிகாலையில், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அது எரிந்துகொண்டிருந்தது. பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார் என்பர். பின்பு அது திருத்தி எழுப்பப்பட்டு, இன்று மீண்டும் பிள்ளைகள் அங்கிருந்து வாசிக்கிறார்கள்.

இதில் எமக்கொரு பாடமுண்டு. நூலகம் கட்டடத்தில் தொடங்குவதில்லை. ஒரு வீட்டில், சில புத்தகங்களுடன் தொடங்குகிறது. கொட்டிலில் தொங்கும் ஒரு உரப்பைக்குள் பத்துப் புத்தகங்கள் இருந்தாலும் போதும். வாசிக்கத் தெரியாத தாய், இரவில் பிள்ளையை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே அது வாசிப்பு வட்டம்தான்.

சித்திரமும் கூத்தும்: "எந்த வீடு ரீச்சர்?"

தரம் 6 முதல் 9 வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றைப் பிள்ளைகள் கட்டாயம் கற்கவேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கும் அதனைத் தெரிந்தெடுக்கலாம். எனவே அது நேரத்தை வீணாக்கும் வேலையல்ல.

ஆனால் புள்ளிக்கு அப்பாலும் ஒன்றுண்டு. ஒரு வகுப்பில் "எனது வீடு" என்ற தலைப்பில் படம் கீறச் சொன்னபோது ஒரு சிறுமி வெறுந்தாளுடன் இருந்தாளாம். "ஏன் பிள்ளை கீறவில்லை?" என்று கேட்ட ஆசிரியையிடம் அவள், "எந்த வீடு ரீச்சர்?" என்று திருப்பிக் கேட்டாள். ஆசிரியை சற்று யோசித்துவிட்டு, "எல்லா வீட்டையும் கீறு" என்றார். கிணற்றடி, தறப்பாள் கொட்டில், தகரக் கூரை என மூன்றும் ஒரே தாளில் வந்தன. வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை கையால் சொல்லிவிட்டது.

மட்டக்களப்பில் 1996 இல் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதனை நன்கு உணர்ந்திருந்தது. போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு களிமண்ணாலும் வர்ணத்தாலும் கதையாலும் ஒன்றாக விளையாடினர். எமது மாதோட்டத்திலோ கூத்து மரபே உண்டு. அண்ணாவியாரிடம் ஒரு பாட்டைக் கேட்டுப் பழகும் பிள்ளை, கொப்பியில் இல்லாத ஊரைப் படிக்கிறது.

சுற்றுலா: ஆற்றின் வழியே ஒரு நாள்

சுற்றுலா என்றால் கண்டி, கொழும்பு, நுவரெலியா என்றே எண்ணுகிறோம். செலவைக் கேட்டதும் ஏழைப் பிள்ளை அன்று "காய்ச்சல்" என்று வீட்டில் நின்றுவிடுகிறது. அது காய்ச்சல் அல்ல, வெட்கம்.

மன்னார்ப் பிள்ளைகள் அருவி ஆற்றின் வழியே ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும். அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா எனப்படுவதும் இந்த ஆறுதான். அங்குள்ள சிங்களக் கமக்காரரும் நாமும் ஒரே ஆற்றுத் தண்ணீரில் விதைக்கிறோம் என்பது முதற் பாடம். ஆற்றை மறித்து நிற்கும் தேக்கம் அணைக்கட்டில், தண்ணீர் கட்டுக்கரைக் குளத்துக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் அக்குளம் அமைந்ததாக மரபு கூறுகிறது. அண்மைய அகழ்வாய்வில் அதன் கரையில் பழைய குடியிருப்பின் சுடுமண் உருவங்களும் மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. அக்கட்டில் நின்று பார்க்கும் பிள்ளை, தன் தந்தை செய்யும் தொழில் எத்தனை பழையது என்பதை உணரும்.

அங்கிருந்து வங்காலை. மாரி காலத்தில் பூநாரைகளும் தூரதேசப் பறவைகளும் அங்கு வந்திறங்கும். 2010 முதல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக றம்சார் பட்டியலில் உள்ளது. முடிவில் ஆறு கடலில் கலக்கும் அரிப்பு. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆங்கிலேய ஆளுநர் நோர்த் 1800 களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையைக் கடல் இன்று அரித்துக்கொண்டிருக்கிறது. ஆண்ட ஆளுநருக்கும் அங்கு வீடில்லை. இடம்பெயர்ந்த பிள்ளைகள் இதனைப் பார்த்து என்ன நினைக்கும் என்று அவர்களிடமே கேட்போம்.

ஒரு பஸ், வீட்டிலிருந்து கட்டிய சோறு, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி. இவ்வளவும் போதும். வேறு மாவட்டங்களிலும் இப்படியோர் ஆறோ குளமோ இல்லாமலா போகும்?

நாம் செய்யக்கூடியது

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போவோம். நூலக அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்போம். காசில்லாத பிள்ளையின் சுற்றுலாச் செலவை, பெயர் வெளியே தெரியாமல் ஊரே பகிர்ந்துகொள்ள ஒழுங்கு செய்வோம். அறுவடை நாட்களில் போட்டிகளையும் ஒத்திகைகளையும் வைக்கவேண்டாம் என்று அதிபரிடம் மரியாதையாகச் சொல்வோம். அவரும் கமக்காரரின் கஷ்டத்தை அறியட்டும்.

அந்தத் தந்தையின் கேள்விக்குக் கூட்டத்திலேயே ஒரு தீர்வு பிறந்தது. போட்டி நாட்களில் அவருடைய மாட்டையும் சேர்த்துச் சாய்த்துவருவதாக அயல்வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு வந்த தந்தை, சுவரில் ஒட்டியிருந்த மகனின் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். அதில் ஒரு மாட்டுப் பட்டி இருந்தது. "இது எங்கட பழைய காணி" என்றார். அந்தக் காணியை மகன் கண்டதே இல்லை. தகப்பன் சொல்லச் சொல்லக் கேட்டுக் கீறியிருக்கிறான்.