உழவு இயந்திரத்தின் விளக்குப் பழுதுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

காலபோக நெல் அறுவடையாகும் மாசி மாதத்திலே, மூடைகளைக் கட்டி ஏற்றி முடிக்குமுன் பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடுகின்றது. மருதனார்மடம், சுன்னாகம் முதலிய சந்தைகளுக்கு மரக்கறி கொண்டு செல்வோர் விடியுமுன்னரே புறப்படுகின்றனர். இவ்வாறு கமக்காரரின் விளைபொருள் பல வேளைகளில் இருளிலேயே வீதியால் செல்கின்றது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். மெல்லச் செல்லும் இழுவைப்பெட்டியின் பின்னால் விளக்கு எரியாவிடின், அதன் சாரதி பெட்டியைக் காணும்போது தடுப்பைப் பிடிக்க நேரமிராது. மூடைகளின்மேல் அமர்ந்து வருவோரின் உயிர் ஒரு சிறு சிவப்பு விளக்கையே நம்பியிருக்கின்றது.

1950களிலும் 1960களிலும் உற்பத்தியான மசி பெர்குசன் போன்ற உழவு இயந்திரங்கள் பல இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் உறுதியாயிருந்தாலும் அவற்றின் வயர்களும் இணைப்புகளும் முதிர்ந்துவிட்டன. எனினும் விளக்குப் பழுதுகளுட் பலவற்றைக் கமக்காரர் தாமே கண்டறிந்து திருத்திக்கொள்ளலாம்.

மின் செல்லும் வழி

வயலுக்கு நீர் பாய வாய்க்காலும் வடிய வடிகாலும் வேண்டியதுபோல, மின்னுக்கும் போகும் வழியும் மீளும் வழியும் வேண்டும். பற்றரியிலிருந்து புறப்படும் மின், உருகி, சுவிச்சு, வயர் ஆகியவற்றினூடாக மின்குமிழை அடைகின்றது. பின்னர் இயந்திரத்தின் இரும்புடல் வழியாகப் பற்றரிக்கே மீள்கின்றது. இம்மீளும் வழியே ஏர்த்து எனப்படும் புவித்தொடுப்பாகும். பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் கெடுவது இதுவே. பலர் கவனியாது விடுவதும் இதுவே.

ஓர் உதாரணம்

ஒரு கமக்காரரின் இழுவைப்பெட்டியில் பின்விளக்கு மங்கியும் அணைந்தும் எரிந்தது எனக் கொள்வோம். அவர் மின்குமிழை இருமுறை மாற்றுகின்றார். பின்னர் பெரும் பணம் செலவிட்டுப் புதிய பற்றரியும் வாங்குகின்றார். பழுதோ நீங்கவில்லை. பெட்டிக்கு ஒரு வயர் மாத்திரமே செல்கின்றது. மீளும் வழி, பெட்டியை இயந்திரத்தோடு கொளுவும் இரும்பு முளையேயாம். சில்லுகள் இறப்பராதலின் வேறு வழியில்லை. முளையில் துருவும் கிறீசும் படிந்திருப்பதால், வண்டி குலுங்குந்தோறும் தொடுப்பு அறுபடுகின்றது. பெட்டியின் விளக்கிலிருந்து இயந்திரத்தின் இரும்புடலுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தால் இப்பழுது தீர்ந்துவிடும்.

சோதனை விளக்கு

ஒரு சிறிய 12 வோற்று மின்குமிழில் இரு நீண்ட வயர்களைப் பொருத்தினால் சோதனை விளக்கு ஆயத்தமாகிவிடும். இயந்திரத்தின் விளக்குச் சுவிச்சைப் போட்டபின், இதன் ஒரு நுனியைச் சுரண்டித் துப்புரவாக்கிய இரும்புடலிலும், மறு நுனியை எரியாத விளக்கிற்கு வரும் வயரின் முனையிலும் தொடுக.

1. சோதனை விளக்கு எரியாவிடின், மின் அவ்விடத்திற்கு வரவில்லை. சுவிச்சு, உருகி, பற்றரி என்னும் ஒழுங்கில் பின்னோக்கிச் சோதித்துச் செல்க.

2. அது நன்கு எரிந்தால், மின் வந்துவிட்டது. பழுது மின்குமிழிலோ, அதன் பிடியிலோ, புவித்தொடுப்பிலோ உள்ளது. தனி வயரொன்றினால் விளக்கின் இரும்புக் கூட்டைப் பற்றரியின் புவித்தொடுப்பு முனையுடன் இணைத்துப் பார்க்க. உடனே விளக்கு ஒளி பெறின், புவித்தொடுப்பே குற்றமுடையது.

குறிகளும் காரணங்களும்

எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்தால் பற்றரி முனைகளையும் பிரதான உருகியையும் முதலிற் பார்க்க வேண்டும். மேடுபள்ளத்தில் மாத்திரம் அணைந்தால், வயர் தளர்ந்தோ உரசுண்டோ இருக்கும். திருப்பச் சமிக்ஞையைப் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து மினுங்கினால், அது பெரும்பாலும் புவித்தொடுப்புக் குறைவின் அடையாளமாம். உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால், தோல் உரிந்த வயர் எங்கோ இரும்பிற் படுகின்றது எனலாம்.

மங்கலான ஒளியையும் அலட்சியம் செய்தலாகாது. இழை மின்குமிழுக்குக் கிடைக்கும் வோற்றளவு பத்திலொரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும்.

திருத்தும் முறை

புவித்தொடுப்பு முனையைக் கழற்றி, வர்ணத்தையும் துருவையும் மண் கடதாசியால் தேய்த்து நீக்கி, இரும்பு பளிச்சிடும் இடத்தில் இறுக்கமாகப் பூட்டி, மேலே சிறிது வசலின் பூச வேண்டும். பற்றரி முனைகளில் படியும் வெள்ளை, பச்சைப் படிவுகளை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். அந்நீர் பற்றரியின் உள்ளே செல்லலாகாது. பொட்டாசு உரம் ஏற்றிய பெட்டியை அன்றே கழுவிவிடுதல் நன்று. அவ்வுப்பு இணைப்புகளை விரைவில் அரித்துவிடும்.

எச்சரிக்கைகள்

உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியோ வெள்ளித்தாளோ வைத்தல் ஒருபோதும் கூடாது. 36 உவாற்று முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 6 அம்பியர் மின்னையே எடுக்கும். அதனைவிட மிகுந்த மின் தடையின்றிப் பாய்ந்தால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும். வைக்கோல் ஏற்றிய வேளையில் விளைவு என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பற்றரியைக் கழற்றும்போது புவித்தொடுப்பு முனையை முதலிலும், பூட்டும்போது அதனையே கடைசியிலும் கையாள வேண்டும். பழைய பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனையே இரும்புடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். அதனை அறியாது மாற்றிப் பூட்டலாகாது. பற்றரியினருகே சுருட்டோ பீடியோ பற்றவைத்தல் ஆபத்தானது. எஞ்சின் வேகம் கூடும்போது விளக்குகள் மிகப் பிரகாசித்து அடிக்கடி எரிந்துபோனால், தேர்ந்த தொழிலாளியிடம் காட்டுக.

அறுவடை தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதில் பெட்டியைக் கொளுவி, ஒருவர் சுவிச்சைப் போட, மற்றொருவர் பின்னால் நின்று பார்ப்பது போதுமானது. பெட்டியின் பின்புறம் இரு மூலைகளிலும் ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடுகளைப் பொருத்திவிட்டால், விளக்கு வழியில் அணைந்தாலும் பின்னால் வருவோருக்கு அவை புலப்படும். ஒரு துண்டு வயரும் சிறிது மண் கடதாசியும் கொண்டு செய்யக்கூடிய இவ்வேலையைப் பிற்போடாதிருத்தல் ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும்.